சடையாண்டியின் மணிக்கட்டு

ஒரு காட்டில், சிங்கம் வேறு காட்டுக்கு மாற்றலாகிப் போனதால் நிம்மதியாக இருந்த ஒரு காட்டில், சடையாண்டி என்றொரு குரங்கு வாழ்ந்துவந்தது. அதன் வலது மணிக்கட்டில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. கிளையைப் பிடித்தால் உயிர் போகிற வலி. மனைவி பொன்னாத்தாவோ மாசமாக இருந்தது. உச்சிக் கிளை மாங்காய்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றது.

"மாங்கா பறிக்கத் துப்பில்ல, நீங்கள்லாம் ஒரு குரங்கா?" என்று கேட்டும்விட்டது. சடையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே முள்ளம்பன்றி டாக்டரிடம் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தது. அங்கே யாருக்கும் பொழுது போகவில்லை. ஆளாளுக்கு "எங்க, காட்டு" என்று கையை வாங்கி அமுக்கின. அமுக்கிவிட்டு, "வலிக்குதா?" என்று வேறு கேட்டன. மான் அமுக்கியது, நரி அமுக்கியது, முயல்கூட எட்டி வந்து அமுக்கிவிட்டுப் போனது. கடைசியாக, பின்னால் இருந்த கரடி கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து.

கட்டியைக் காணோம். வலியையும் காணோம்.

"சரியாப் போச்சுல்ல தம்பி? கெளம்பு, என்னை முன்னால விடு" என்றது கரடி.

"ஓ! எடம் புடிக்கத்தான் அமுக்குனீங்களா அண்ணே?" என்று சீறிவிட்டு, சடையாண்டி டாக்டர் அறைக்குள் புகுந்துகொண்டது.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டி இருந்தா ஊசி குத்தி நீரை உறிஞ்சலாம், அறுத்து எடுக்கலாம், அசையாம கட்டுப் போடலாம், வலி இல்லேன்னா சும்மாவே விட்டுடலாம். இல்லாத கட்டிக்கு என்னய்யா பண்ணச் சொல்றே?"

"விடியக்காலைலேர்ந்து உக்காந்திருக்கேன் டாக்டர். வெறுங்கையோட போனா வீட்ல மதிப்பாங்களா? ஏதாச்சும் பண்ணுங்க."

டாக்டர் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினார்.

"அய்யய்யோ, ஊசி வேணாம், வேற ஏதாச்சும்!"

டாக்டருக்கு நல்ல பசி. வாதாடிக்கொண்டிருக்காமல், விரலிலிருந்து தோள்வரை ஒரு பெரிய கட்டாகப் போட்டு அனுப்பிவிட்டார்.

வெளியே கட்டைப் பார்த்ததும் கரடி ஓடி வந்தது. "ஐயோ, நான் அமுக்குனதுலயா தம்பி?"

சடையாண்டி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் கரடி, "வீட்டுக்கு என்ன வேணும்னாலும் சொல்லு, நான் செய்யறேன்" என்று கண் கலங்கியது. சடையாண்டி திறந்த வாயால் லேசாக முனகி வைத்தது.

அந்த மாங்காய் சீசன் முழுக்க உச்சிக் கிளையில் கரடிதான் தொங்கியது. பொன்னாத்தா கீழே நின்று, "அது இல்லண்ணே, பக்கத்துல இருக்கே, அது" என்று கை காட்டியது. சடையாண்டி கட்டுப் போட்ட கையை மடியில் கிடத்திக்கொண்டு, இடது கையால் மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தொட்டுத் தின்றது.

நீதி: வலிக்கும்போது கட்டுப் போடாவிட்டாலும் பரவாயில்லை, வலி போன பிறகு மறக்காமல் போட்டுக்கொள்ளவும்.