லாரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும்

பரானா,
ஆகஸ்ட் மாதம்

மரியாதைக்குரிய மச்சான் அடெலாருக்கு வால்டிர் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை இவோனியும், பிள்ளைகளும், பன்றிகளும் நலம். அங்கே எல்லோரும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

சின்னவள் மார்லிக்குச் செப்டம்பரில் கல்யாணம். அவசியம் வரவேண்டும். ஆனால் லாரியில் வரவேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் பெரியவள் கல்யாணத்தன்று, மழை விட்ட ஈரத்தில், விதைக்காத நிலம்தானே என்று ஊர் வண்டியெல்லாம் என் வயலில் நின்றது. நீங்களோ மக்காச்சோளம் ஏற்றிய லாரியோடு வந்து அச்சு வரை புதைந்தீர்கள். அதை இழுக்க வந்த பக்கத்துப் பண்ணை எவாண்ட்ரோ டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டிச் சாயங்காலம் வரை வயலை மிதித்தான். நடுநடுவே மார்லி கொண்டுபோய்க் கொடுத்த சுட்ட கறியை மட்டும் ஒழுங்காக முடித்தான்.

பிறகு விதைத்தேன். மற்ற இடமெல்லாம் சோயா இடுப்பளவு. லாரி நின்ற இடத்தில் கணுக்காலளவு, அதுவும் மஞ்சள். கூட்டுறவுச் சங்கம் மாதிரி வயலென்று விவசாயிகளையெல்லாம் கூட்டிவந்து காட்டவிருந்தது என் வயலைத்தான். மானம் போகுமே என்று சுண்ணாம்பு போட்டேன், அசையவில்லை. கோழி எருவை லோடு லோடாகக் கொட்டினேன். ஓரத்துச் செடிகள் நெஞ்சளவு வளர்ந்து, காய் பிடிக்காமல் குப்புற விழுந்தன. நடுவில் இருந்தது அப்படியே இருந்தது. கடைசியில் இவோனி மண்வெட்டியோடு போய் ஒரு செடியைத் தோண்டினாள். அரைச் சாண் ஆழத்தில் ஆணிவேர் சுவரில் முட்டியதுபோலப் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தது.

"மண்ணு கல்லா இறுகிக் கெடக்கு. மூச்சு முட்டுறவனுக்கு விருந்து வெச்சா எப்படிங்க திம்பான்?" என்றாள்.

வந்தவர்கள், நடுவிலே என்ன, கால்பந்து மைதானமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அறுவடை முடிந்ததும் அங்கே முள்ளங்கி விதைத்தேன். கிழங்கு இறங்கி இறுக்கத்தை உடைத்திருக்கிறது. நேற்று விரலை விட்டேன், பொலபொலவென்று உள்ளே போனது. தனியாக நின்று ஆடினேன், மச்சான். அதனால்தான் கெஞ்சுகிறேன்: பஸ்ஸில் வாருங்கள், பன்றிமேல் ஏறி வந்தாலும் சரி, லாரி மட்டும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உங்கள் அன்புள்ள
வால்டிர்

பி.கு: மாப்பிள்ளை யாரென்று எழுத மறந்துவிட்டேன். எவாண்ட்ரோதான். லாரி புதைந்த இடத்தில்தான் விருந்துப் பந்தல் என்று இருவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மார்லி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாமா லாரி வரலேன்னா நான் கோயிலுக்கே வரமாட்டேம்ப்பா" என்கிறாள். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. முள்ளங்கியை மறுபடி விதைத்துக்கொள்கிறேன். லாரியிலேயே வாருங்கள். மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு.