பிரிங்க ஐயாவும் புதுப் புத்தகங்களும்

பினாங்கில் அந்தக் காலத்து அரசியல் பிரமுகர்கள் இரண்டே பேருக்குத்தான் பயந்தார்கள். ஒருவர் வாக்காளர். அவருக்குத் தேர்தல் சமயத்தில் மட்டும் பயந்தால் போதும். இன்னொருவர் பிரிங்க ஐயா. அவருக்கு வருஷம் முழுக்கப் பயப்பட வேண்டியிருந்தது.

சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். துறைமுகத்தில் வந்து இறங்குகிறவர்களின் எந்த மூட்டையைப் பார்த்தாலும் ‘பிரிங்க’ என்று ஒரே ஒரு சொல்தான் சொல்வாராம். அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அம்மாளும் ‘இந்தாங்க’ என்றுதான் கூப்பிடுவார். டிரான்ஸ்பர் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் எங்கள் எதிர் வீடு. வேலையை விட்டபிறகும் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டையை அவர் விடவில்லை.

ஓய்வு பெற்றதும் சிலர் தூண்டில் போடுவார்கள், சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். ஐயா புத்தகம் வாங்கினார். அதுவும் கதை, கவிதை என்றால் தொடமாட்டார். அரசியல், அதிகாரம், போர், சமூகம் என்று அட்டையைப் பார்த்தாலே நமக்குக் கொட்டாவி வரும் புதுப் புத்தகங்கள்தான் வேண்டும். பினாங்கு ஸ்ட்ரீட் கடைக்குச் சென்னையிலிருந்து பார்சல் வந்தால், கடைக்காரர் கயிற்றை அறுப்பதற்குள் ஐயா வாசலில் நிற்பார். படிப்பதில் தப்பில்லை. வாசகர் வட்டத்துச் செயலாளர் என்ற முறையில் நானும்தான் படித்தேன். படித்து முடித்து, தலையை ஆட்டிவிட்டு, அலமாரியில் வைத்தேன். ஐயாவோ படித்ததை அப்படியே செய்துவிடுவார். தொல்லையே அங்கேதான் ஆரம்பம்.

நாடுகளின் எல்லைத் தகராறு பற்றி ஒரு தடித்த புத்தகம் வந்தது. மறுவாரமே ஐயா தம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஓடும் சாக்கடையைச் சர்வதேச எல்லையாக அறிவித்தார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் கோழி ஒன்று தினமும் எல்லை தாண்டும். ஐயா அதைக் கையில் ஏந்தி, முன்வாசல் வழியாகப் போய், கண்டனம் தெரிவித்துத் திருப்பிக் கொடுப்பார். கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெரியவர் வெள்ளை உடுப்பில் தினமும் கோழியைக் கொண்டுவந்து தருகிறாரே என்று மனம் நெகிழ்ந்து, ஒரு தட்டு முட்டை அனுப்பிவைத்தார். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

அடுத்தது மக்களாட்சி. இனி சமையல் எதுவானாலும் வாக்கெடுப்பு என்றார். வீட்டில் இருந்ததோ இரண்டே பேர். இவர் புட்டு என்று கை தூக்குவார், அந்த அம்மாள் இடியப்பம் என்று கை தூக்குவார். இழுபறி முற்றியபோது அந்த அம்மாள் சொன்னது தெருவுக்கே கேட்டது.

“ஓட்டு ஆளுக்கு ஒன்னுதான். அடுப்பு யார்கிட்ட இருக்கு? அதையும் உங்க புத்தகத்துல பாத்துச் சொல்லுங்க!”

அன்றிலிருந்து அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதில் ஐயாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. தெருவில் எல்லாரும் ஏணி, சுத்தியல் எதை இரவல் கேட்கப் போனாலும், முதலில் அந்த அம்மாளிடம், “இப்ப என்ன புத்தகம் ஓடுதுக்கா?” என்று விசாரித்துக்கொண்டுதான் போனார்கள்.

இவர் இப்படி வீட்டோடு இருந்திருந்தால் பிரமுகர்களுக்கு என்ன கவலை? இவர்தான் எந்த நூல் வெளியீட்டு விழாவையும் விடமாட்டாரே. எங்கள் ஊர் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகங்களைப் பளபளக்கும் காகிதத்தில் சுற்றி மேடையில் அடுக்கியிருப்பார்கள். பிரமுகர் வெளியிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக மேடையேறி, பணம் வைத்த உறையைக் கொடுத்து, பொட்டலத்தை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார்கள். பொட்டலம் அப்படியே வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். பிரித்துப் பார்ப்பது ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி.

ஐயா மேடையிலேயே பிரிப்பார். படத்தில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் குனிந்து காகிதம் கிழித்துக்கொண்டிருப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. வெளியிட்ட பிரமுகரைப் பார்த்து, “நீங்க பிரிச்சீங்களா?” என்று கேட்டும் வைப்பார். இதனாலேயே அழைப்பிதழ் தரும்போது, ‘அவர் வருவாரா?’ என்று கேட்காத பிரமுகர் கிடையாது.

இந்த நிலையில்தான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். முதல் புத்தகம் எழுதியிருந்தார். மாக் மண்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பெண்களைப் பற்றிய சிறிய நூல். சங்கக் கூட்டம் என்றால் இவர்களை பஸ் வைத்து அழைத்து வருகிறார்கள், கைதட்டச் சொல்கிறார்கள், சமைக்கச் சொல்கிறார்கள், மேடையில் மட்டும் ஒரு நாற்காலி தருவதில்லை என்று போட்டுக் கிழித்திருந்தார். வெளியிடச் சம்மதித்தவரோ அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் தலைவர்! புத்தகம் கைக்குப் போய் மாதமாகியும் அவர் பிரிக்கவில்லை என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

“டீச்சர், தலைவருக்கு விஷயம் தெரிஞ்சு எழுந்து போயிட்டா கூட்டமும் பின்னாலேயே போயிரும். புத்தகமெல்லாம் உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான். அதனால பிரிங்க ஐயாவுக்குச் சொல்ல வேணாம்.”

“அவரு வரணும் சார். நாலு வருஷமா எழுதுனது. ஒருத்தராவது படிக்கட்டுமே.”

“படிச்சா செஞ்சிருவாரு டீச்சர்.”

“என்ன செய்வாரு?”

“அதாங்க தெரியல.”

விழா அன்று ஐயா எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பொட்டலம் கைக்கு வந்ததும் பிரித்தார், படிக்கத் தொடங்கினார். வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை என்று நடந்துகொண்டிருந்தது. ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடிக்க வசதியாகத்தான் எங்கள் ஊரில் பேசுவார்கள். கடைசியாகத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “பெண்கள் நாட்டின் கண்கள்” என்று ஆரம்பித்தபோது, ஐயா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்.

அவர் மேடைக்குப் போகவில்லை. பின்பக்கத்து அடுப்படிக்குப் போனார். அங்கே மாக் மண்டின் பெண்கள் விருந்தினருக்கு அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

“எல்லாரும் வாங்கம்மா.”

“எங்க ஐயா?”

“மேடைக்கு.”

“மீகூன் கருகிப் போயிரும்லா ஐயா!”

“கருகட்டும்.”

மேடையில் தலைவருடைய சங்கத்தின் செயற்குழு உட்கார்ந்திருந்தது. ஐயா ஒவ்வொருவர் பின்னாலும் போய், “எழுந்திருங்க” என்றார். துறைமுகத்தில் முப்பது வருஷம் பழகிய குரல் அது. அந்தக் குரலை மறுத்துப் பேசத் தெரிந்த ஆள் பினாங்கில் யாரும் இல்லை. செயற்குழு எழுந்தது. பெண்கள் உட்கார்ந்தார்கள். கூட்டம் கைதட்டியது. தம் பேச்சுக்குத்தான் என்று நினைத்த தலைவர் குரலை இன்னும் உயர்த்தினார். முடித்துவிட்டுத் திரும்பினால், அவர் நாற்காலியில் ஓர் அக்கா கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“ஐயோ, நீங்க ஒக்காருங்க தலைவரே” என்று அவர் எழப் பார்க்க, “நீங்க உட்காருங்கம்மா” என்றார் ஐயா.

“என்னய்யா இது?” என்றார் தலைவர்.

“நீங்க வெளியிட்ட புத்தகம்தான் தலைவரே. கையிலதான வெச்சிருக்கீங்க? பிரிங்க.”

ஆசிரியை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். முகம் சிவந்தது. இன்னொரு பக்கம் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

“நான் இத்தனை வருஷமா சொல்லிட்டு வர்றதைத்தான் இந்த அம்மா எழுதியிருக்காங்க!”

அரசியலில் ஏன் அவர் அத்தனை நாள் நிலைத்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைவரே பிரித்துவிட்டார் என்றானபின் மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? மண்டபம் முழுக்கக் காகிதம் கிழியும் சத்தம். என் செயலாளர் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. நன்றியுரை முடியும்வரை தலைவர் நின்றுகொண்டே புன்னகைத்தார். கருகிய மீகூனைச் செயற்குழு வரிசையில் நின்று, தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டது.

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயாவிடம் வந்தார். “புத்தகம் எப்படி ஐயா இருந்துச்சி?”

“எழுத்து சுமார்தாம்மா,” என்றார் ஐயா. “ஆனா செய்ய முடியுது.”

ஆசிரியை அழுதுகொண்டே சிரித்தார். அதைவிடப் பெரிய மதிப்புரை அவருக்கு அப்புறம் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஐயா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. நானும் இப்படிப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறேன், நல்லவர்கள் பாராட்டிக் கடிதம் போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அந்த மனிதர் வரமாட்டாரா, ‘எழுத்து சுமார்’ என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டாரா என்று மனம் கிடந்து ஏங்குகிறது.