ஆறு நாட்டுக் கராத்தேயும் ஒரு சாப்பாட்டுக் கமிட்டியும்

எருமப்பட்டி,
14-9-1985

தலைநகராம் மெட்ராஸில் கொடிகட்டி வாழும் அன்புச் சகலை சென்னிமலை அவர்களுக்கு, எருமப்பட்டி அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் வீட்டுக்காரியும் உங்கள் நங்கையாளுமான சௌந்திரமும், அறுநூறு கோழிகளும் சுகம். அங்கு நீங்களும் வசந்தாமணியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பேப்பரில் போட்டோ வருகிறவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை கிடையாது. ஆறு நாட்டுக்காரர்களை வரவழைத்து சர்வதேசக் கராத்தே போட்டி நடத்தினீர்கள், சந்தோஷம். ஆனால் உங்களுக்குக் கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டுக் களத்தில், முதல் குத்து குத்தக் கற்றுக்கொடுத்தவன் யார்? நான் பம்பாய்க்கு லாரி ஓட்டிய காலத்தில், திரும்பும் லோடு கிடைக்கும் வரை சும்மா கிடக்காமல், மாதுங்காவில் ஒரு மாஸ்டரிடம் அடியும் உதையும் வாங்கிக் கற்றதை உங்களுக்கு மூன்றே மாதத்தில் கொடுத்தேன். அப்போது உங்களுக்கு இடது கால் எது, வலது கால் எது என்றே தெரியாது. இன்றைக்கு நீங்கள் கருப்பு பெல்ட், சங்கத்தின் பொதுச் செயலாளர். நான் இன்னும் அதற்குக் கீழே பிரவுன் பெல்ட், கோழிப்பண்ணை. பண்ணைக்குப் பக்கத்தில் என்னிடம் பழகும் பதினொரு பேரும் 'கியாய்' என்று கத்தினால் கோழிகள் மிரண்டு முட்டை போடுவதை நிறுத்திவிடுகின்றன. அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டே குத்துகிறார்கள். உலகத்திலேயே சத்தமில்லாத கராத்தே எங்களுடையதுதான். அதற்கு எந்தத் தலைநகரிலும் யாரும் போட்டி நடத்துவதில்லை.

உங்கள் அழைப்பிதழ் வந்தது. வழவழவென்று தாள். முன்பக்கம் முழுக்க நீங்கள். பின்பக்கம் வரவேற்புக் குழுவில் நாற்பத்து மூன்றாவது ஆளாக நான், அதுவும் 'அர்த்தநாதி' என்று. சௌந்திரம் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, "ஏனுங்க, எந்தங்கச்சி ஊட்டுக்காரரு ஜப்பான்காரனுக்கு மாலை போடறாரு. நீங்க கோழிக்குத் தீவனம் போடறீங்க" என்றாள். நான் மெட்ராஸுக்கு வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாதே என்றுதான் நானும் கிளம்பினேன். வெறுங்கையோடு வரக்கூடாதே என்றுதான் பத்து அட்டை முட்டையும் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஐந்து அட்டை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல்லிலிருந்து மெட்ராஸ் வரை கால் மரத்துப்போய் வந்தோம். பள்ளம் வரும்போதெல்லாம் கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "முட்டைக்காரரே, பொழச்சிருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பொழைத்து வந்த முட்டையில் ஒரு அட்டை உங்கள் போட்டி மண்டப வாசலில்தான் போயிற்று. ஜப்பான் நடுவர் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். கையில் அட்டைகளோடு நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். நம் ஊர் மரியாதை குறையக்கூடாது என்று நானும் குனிந்தேன். ஐந்தாவது தடவை மேல் அட்டை சரிந்து, அவருடைய வெள்ளைக் கால்சட்டை மஞ்சளாகிவிட்டது. எத்தனை தடவை குனிய வேண்டும் என்று அழைப்பிதழில் ஒரு வரி போட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அதற்குப் பிறகு உங்கள் ஆள் ஒருவர் வந்து என் சட்டையில் பேட்ஜ் குத்தினார். நடுவர் பேட்ஜ் என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். தலையைக் குனிந்து படித்தால் 'சாப்பாட்டுக் கமிட்டி'. பட்டுச்சேலையில் சிங்கப்பூர்ப் பெண்களோடு போய்க்கொண்டிருந்த வசந்தாமணி நின்று, "மாமா, சமையக்கட்டு நல்லாக் காத்தோட்டமா இருக்குமுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். மேடையில் நீங்கள் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் பேசியதை நான் சாம்பார் வாளிகளுக்கு நடுவே நின்று கேட்டேன். உங்கள் இங்கிலீஷில் தப்பு இருந்திருக்கும். எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலையில் உங்கள் பஸ் மலேசியாக்காரர்களை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டு, டிபன் எல்லாம் தீர்ந்தபிறகு கொண்டுவந்து இறக்கியது. அவர்களுடைய மேனேஜர் பச்சமுத்து, தாத்தா காலத்தில் ஆட்டையாம்பட்டியிலிருந்து மலாயா போன குடும்பம், சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடித்து, "பட்டினியா வந்து அடிபடறதுக்கா எங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தோம்? சாயங்கால பிளேன்ல கிளம்பறோம்" என்று சத்தம் போட்டார். உங்களைத் தேடி மேடைக்குப் பின்னால் வந்தேன். சுருட்டி வைத்த மெத்தைமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "மலேசியா போச்சுன்னா நேபாளமும் கெளம்பிருமுங்ணா. அப்புறம் போட்டியே இல்லீங்ணா" என்றீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன் சகலை, எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சௌந்திரம் இதை வந்து பார்க்கட்டும், நாளைக்கு இதுவும் பேப்பரில் வரட்டும் என்று நினைத்தேன். ஆனால் சாப்பாட்டுக் கமிட்டி என்று நெஞ்சில் எழுதி ஒட்டியாகிவிட்டதே! வேறு வழியில்லாமல் சமையற்கட்டுக்குப் போய், அணைந்த அடுப்பைப் பற்றவைத்து, மிச்சமிருந்த முட்டையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு, பதினான்கு பேருக்கும் ஆளுக்கு மூன்று ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார்கள். போட்டிக்கு இறங்கினார்கள். இரண்டாம் பரிசும் வாங்கினார்கள். பச்சமுத்துவிடம் அப்படி என்ன பேசி மனதை மாற்றினேன் என்று நீங்கள் கேட்டீர்கள். ஒன்றும் பேசவில்லை. உப்பு போதுமா என்று கேட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் பேப்பரில் 'சென்னிமலையின் சிறப்பான ஏற்பாடு' என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது. படத்தில் உங்களுக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. சௌந்திரம் அது நேபாளத்துக்காரருடையது என்று சாதிக்கிறாள்.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், உங்கள் போட்டிக்கும் எனக்கும் இனிமேல் சம்பந்தம் இல்லை. டெல்லியில் நடத்தினாலும் சரி, டோக்கியோவிலேயே நடத்தினாலும் சரி, என்னைக் கூப்பிட வேண்டாம். வசந்தாமணியை விசாரித்ததாகச் சொல்லவும். பெரியவன் என்ற முறையில் உங்கள் இருவருக்கும் நோய்நொடியற்ற வாழ்வும், கொஞ்சம் அடக்கமும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

அர்த்தநாரி

பி.கு.: தம்பி, நான் சௌந்திரம் எழுதறனுங்க. போஸ்ட் பண்ணச் சொல்லி இதை என்ர கையில குடுத்தாரு. பிரிச்சுப் படிச்சுப்போட்டேன். அவரு உப்பு மட்டும் கேக்கலீங்க. நான் அங்கயேதான் நின்னுட்டிருந்தேன். அந்த மலேசியாக்காரரு கையைப் புடிச்சுக்கிட்டு, "இதை நடத்தறவன் என்ர கையில படிச்ச பையனுங்க. அவனாட்டம் ஒருத்தன் எங்க பக்கத்துல இதுக்கு முன்னால பொறந்ததில்லீங்க. அவன் இன்னைக்குத் தலை குனிஞ்சா, நான் ஊருக்குப் போயி மூஞ்சி காட்ட முடியாதுங்க"ன்னு சொன்னாரு. கண்ணுல தண்ணி நின்னுச்சுங்க. நீங்க கேட்டா வெங்காயத்துனாலன்னு சொல்லுவாரு. வெங்காயம் அரிஞ்சது நானுங்க. மெடல் ஏதாச்சும் மிச்சமிருந்தா அவருக்கு ஒண்ணு தபால்ல அனுப்பி வெய்ங்க. நான் சொன்னேன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க.