சிவப்புத் தலைப்பாகைக்காரரும் சம்பந்தியும்

குத்தாலம்,
24-1-78

அன்புள்ள மாப்பிள்ளை உலகநாதன் அவர்களுக்கு,

மாமனார் பஞ்சநாதன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம்; தும்மல் மட்டும் உண்டு, காரணம் பின்னால் வருகிறது. அங்கு நாகப்பட்டினத்தில் நீங்களும் எங்கள் பெண் வேம்புவும் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் ஒரே போட்டோவும் புயலில் போய்விட்டது, முகமே மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என சம்பந்தியம்மாள் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசி ஏழாம் தேதி அவர் வருஷ நினைவுக்கு எண்ணெய் வர்ணத்தில் நானே வரையும் படம் வந்து சேரும். இது உறுதி.

எடுத்த எடுப்பில் சம்பந்தி முகத்தில் கை வைக்கலாமா? பிள்ளைகள் எழுதின எழுத்தின் மேலேயே விரல் ஓட்டித்தானே 'அ' பழகுகிறார்கள். அதுபோல, புத்தகத்தில் இருந்த ஒரு ஒல்லாந்துப் பெரியவரின் முந்நூறு வருஷத்துப் படத்தைப் பார்த்து வரைந்து பழகினேன். சிவப்புத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி. நடவுக்கு முன் சேற்றைப் பரம்படித்துச் சமன் செய்வதுபோல முதலில் காவி ஒன்றிலேயே நிழலும் வெளிச்சமும் போட்டுவிட வேண்டும்; காய்ந்தபின் அதன்மேல் வர்ணத்தை மெல்லிசு மெல்லிசாக ஏற்ற வேண்டும். ஆளிவிதை எண்ணெயில்தான் குழைக்க வேண்டுமென்று கும்பகோணத்தில் வர்ணம் விற்ற ஜெய்னுலாபுதீன் படித்துப் படித்துச் சொன்னார். அது தீர்ந்துபோகவே நல்லெண்ணெயில் குழைத்தேன். பதினெட்டு நாளாகியும் காயவில்லை. காயட்டுமென்று கொல்லையில் வைத்தேன். பக்கத்து வயலில் அறுப்பு யாருக்கு என்று மிராசுதாருக்கும் குத்தகைக்கார வைரக்கண்ணுவுக்கும் தகராறு. போலீஸ் வருவதற்குள் அடித்துத் தூற்றிவிட வேண்டுமென்று வைரக்கண்ணு ஆட்கள் அவசரப்பட்டதில், பறந்த பதர் அத்தனையும் பெரியவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தும்மல்.

வைரக்கண்ணுவே வந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இது? நில உச்சவரம்புக்குப் பயந்து தாடி வளத்துக்கிட்டு ஒளிஞ்ச மிராசு மாரியில்ல இருக்காரு!" என்றான். "வெளிநாட்டுக்காரருப்பா" என்றேன். "அங்க ஓடிட்டாரா? அப்ப நிலம் யாரு பேர்ல?" என்கிறான்.

நான் தளரவில்லை. தப்புக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதானே படிப்பு. சரியான எண்ணெய் வாங்கிவந்து அதே பெரியவரை இன்னும் மூன்று முறை எழுதினேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டும் வரும். இன்று சம்பந்தியைத் தொடங்கிவிட்டேன். நிச்சயதார்த்தத்தில் இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய முகம் மறக்குமா? கவலையை விடுங்கள், சுவரில் ஆணி அடித்து வையுங்கள்.

குழந்தை குட்டியோடு நீடூழி வாழ ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பஞ்சநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் காவியில் முகம் முடிந்தது. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏங்க, வெள்ளைக்காரரு எப்பங்க தலப்பாவக் கழட்டுனாரு?" என்றாள். உற்றுப் பார்த்தேன். கண் ஒல்லாந்து, மூக்கு ஒல்லாந்து. விபூதி மட்டும் நாகப்பட்டினம். ஆணி இப்போது வேண்டாம். நீங்கள் அப்படியே அப்பா சாயல் என்று கல்யாணத்தில் எல்லோரும் சொன்னார்கள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இரண்டு நாள் என் எதிரே உட்காரவும். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம். மீசையைக் கத்தரிக்காமல் வாருங்கள். நரையை நான் பார்த்துக்கொள்கிறேன்.