பெரியவர் பக்கத்துக் கண்ணாடி

நாலு பேர் விட்ட மூச்சில் காரின் முன்கண்ணாடி மோர் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. வெளியே மூன்று நாளாகக் கார்த்திகை மழை. நரிக்குடியை விட்டு இரண்டு மைல் வருவதற்குள் டிரைவர் சோணைமுத்து ஒரு தடவை ரோட்டைத் தவறவிட்டு, ஒரு தடவை ஆட்டுக்கிடைக்குள் வண்டியை விடப் பார்த்தான்.

“கண்ணாடிய இறக்குனாத்தான் ஆவி போகும், மொதலாளி.”

“இறக்குனே, அம்புட்டுத்தான்! ஊதக்காத்து பட்டா அப்பாவுக்கு நெஞ்சு அடைச்சிரும்” என்று பின்சீட்டிலிருந்து கத்தினான் பொன்ராஜ்.

அவன் பக்கத்தில், இடப்புறக் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார் அவன் அப்பா சந்தனம். பலசரக்குக் கடையும் கட்டடமும் அவர் பேரில் இருந்தன. அன்று திருச்சுழிப் பத்திர ஆபீஸில் அவர் கைநாட்டு வைத்தால் எல்லாம் பொன்ராஜுக்கு. தம்பி அசோக் மெட்ராஸில் ரயிலேறிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. மத்தியானம் வந்துவிடுவான்; அதற்குள் முடித்தாக வேண்டும்.

சோணைமுத்துவின் கவலை வேறு. கார் அவன் சொந்த வாடகை வண்டி. மறுநாள் முகூர்த்தம். இதே காரில் கல்யாணப் பெண் ஏறுகிறாள். காருக்குள் ஓர் உயிர் போனது என்று பேச்சு கிளம்பினால் போதும், எந்தக் கல்யாண வீட்டாரும் அந்தக் கதவைத் தொடமாட்டார்கள். போன வருஷம் பாலவனத்தத்து டிரைவர் ஒருவன் அப்படித்தான் வண்டியை விற்றுவிட்டு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போனான். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெரியவர் நெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சீட்டுக்கு அடியில் கிடந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தான். அது கிரீஸ் துடைத்த துணி. வெள்ளையாக இருந்த கண்ணாடி இப்போது வெள்ளையும் கறுப்புமாக ஆனது.

“எல்லாரும் கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க. பெரியவர் பக்கந்தான் ரொம்ப மோசம். கண்ணாடி இருக்கிறதே தெரியல.”

“எங்கப்பா மூச்சு விடுறதும் ஒனக்கு இடைஞ்சலா போச்சாலே?” என்று சீறினான் பொன்ராஜ்.

முன்சீட்டில் இருந்தவர் மொக்கையன். பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர். யாராவது கேட்டாலொழிய வாயைத் திறக்காத மனுஷன். மடியிலிருந்து புகையிலையை எடுத்து நீட்டினார். ஈரப் புகையிலையைத் தேய்த்தால் கண்ணாடியை ஆவி மூடாது என்று டிரைவர்கள் சொல்லிச் சோணைமுத்துவும் கேட்டதுண்டு. தேய்த்தான். நெடி ஏறி மூன்று பேரும் மாறி மாறித் தும்மினார்கள். கண்ணாடி முன்னைவிட மோசமானது.

தும்மல் சத்தத்தில் பெரியவருக்கு இழுப்பு கூடியது. பொன்ராஜ் பதறிப்போய் பிளாஸ்கைத் திறந்து அவருக்கு வெந்நீர் புகட்டினான். அந்த ஆவி மொத்தமும் காருக்குள் நிறைந்தது.

“பிளாஸ்க மூடுங்க மொதலாளி, இட்டிலிச் சட்டிக்குள்ள ஒக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கு!”

பாலத்துச் சுவர் ஒரு முழத்தில் தெரிந்தபோது சோணைமுத்து பிரேக் போட்டான். நல்லவேளை, எதிரே ஒரு பெட்டிக்கடை. துணி சோப்பு ஒன்று வாங்கினான். காய்ந்த சோப்பைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தால் ஆவி பிடிக்காது என்றார் கடைக்காரர்.

முன்கண்ணாடிக்கு அவன் தேய்த்தான். மிச்சச் சோப்பை மொக்கையனிடம் கொடுத்து, “சுத்திவர எல்லாத்துக்கும் போட்டு விடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

மறுபடி கிளம்பியதும் முன்கண்ணாடி ஒரு மைலுக்குத்தான் தாங்கியது. பிறகு சோப்பும் ஆவியும் கலந்து வழிந்தன. சோணைமுத்து தன் பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை மழையில் நீட்டிக்கொண்டே ஓட்டினான். இந்தத் தடவை பொன்ராஜ் திட்டவில்லை.

“வெந்நி குடிச்சது நல்லதாப் போச்சு. அப்பாவுக்கு இழுப்பே நின்னுருச்சு. அசந்து தூங்குறாரு” என்றான்.

சோணைமுத்து திரும்பிப் பார்த்தான். பெரியவர் முகம் சாந்தமாக இருந்தது. அவர் தலைக்கு மேலே கண்ணாடி பளிச்சென்று இருந்தது; வெளியே கருவேல மரங்கள் முள்ளு முள்ளாகத் தெரிந்தன. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பத்தரை மணிக்குப் பத்திர ஆபீஸ் வாசலில் கார் நின்றது. பொன்ராஜ் பத்திரக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மை டப்பாவுக்கு ஓடினான். சோணைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி தப்பித்தது. நாளைக்குப் பெண் ஏறலாம்.

சந்தோஷம் தாங்காமல் மொக்கையனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, ஒங்க கை ராசியான கை! நான் போட்டது வழிஞ்சு போச்சு, மத்தக் கண்ணாடியெல்லாம் மூடிப் போச்சு. பெரியவர் பக்கத்தப் பாருங்க, ஒரு பொட்டு ஆவி இல்ல. அதுக்கு மட்டும் எப்பிடித்தாம்ணே சோப்பு போட்டீக?”

மொக்கையன் காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“அதுக்கு நான் எங்கே போட்டேன்? அய்யா சாஞ்சிருக்காகளேன்னு அந்த ஒண்ண மட்டும் தொடாம விட்டுட்டேன்.”