பிளானில் உள்ளபடி

“நம்ம பெட்ரூம்ல ஜன்னல் எத்தனை?”

புரூஃப் சார் கேட்ட கேள்விக்கு மனைவி தையல் மிஷினை நிறுத்தவில்லை.

“ஒண்ணு. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒண்ணுதான். ஏன், இப்ப குட்டி போட்டுடுச்சா?”

“போட்டிருக்கு. பிளான்ல ரெண்டு இருக்கு.”

மிஷின் நின்றது.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் தொழில். அதனால்தான் தெரு முழுவதும் அவருக்கு புரூஃப் சார் என்று பெயர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூட, எந்த ஊர், என்றைக்கு என்று பார்ப்பதற்குமுன் விட்டுப்போன ஒற்றெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர், தன் வீட்டு பிளானில் மட்டும், “இங்க ஒரு கையெழுத்து சார்” என்று பிளான்காரர் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தார். விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து பீரோவில் மடித்தே கிடந்த அந்த நகலை, இன்று ஆபீசிலிருந்து போன் வந்த பிறகுதான் வெளியே எடுத்தார்.

புதன்கிழமை காலை கட்டட ஆய்வாளர் வருகிறார். இருக்கிற வீடு பிளானில் உள்ளபடி இருந்தால், மாடியில் அறை கட்ட அனுமதி. இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

இன்றைக்குத் திங்கள்.

சிவப்புப் பேனா தன்னால் அவர் சட்டைப் பையிலிருந்து கிளம்பியது. இல்லாத ஜன்னலைச் சுற்றி ஒரு வட்டம். வீட்டில் பெட்ரூமுக்குள் திறக்கும் பாத்ரூம் கதவு, பிளானில் ஹாலுக்குத் திறந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு வட்டம். ஹாலுக்கு நட்டநடுவில் ஒரு தூண்.

“தூணா? நம்ம வீட்லயா?” மனைவி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். தூண் இருந்திருந்தால் அங்கே நிற்க இடம் இருந்திருக்காது. அவள் தையல் கடை வைத்திருந்த கட்டடத்தை இடித்துவிட்டதால், மிஷின்கள் எல்லாம் ஹாலில்தான் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. நடுவே வெள்ளைத் துணி மலைமலையாய்க் குவிந்திருந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சீருடை ஆர்டர் அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. ‘தனியாக ஒரு வேலை அறை இருக்கிறது என்று காட்டுங்கள், ஆர்டர் உங்களுக்கு’ என்று சொல்லியிருந்தார்கள். மாடியில் அறை வந்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் அவளும் அவளிடம் தைக்கும் இரண்டு பெண்களும் தலை நிமிரலாம். அனுமதி தள்ளிப்போனால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

“பிளான்காரருக்குப் போன் போடுங்க.”

“போட்டுட்டேன். சுவிட்ச் ஆஃப். ஆபீசும் பூட்டியிருக்கு. ஏதோ வெளியூராம்.”

அந்த நேரத்தில்தான் மைத்துனன் உள்ளே நுழைந்தான். எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. உலகத்தில் எந்த ஆபீசிலும் அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவர் உண்டு. அந்த ஆளுக்குத்தான் இவனைத் தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினான். “மாமா, ஆபீசுக்குப் போய் பிளான் தப்புன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. திருத்தின பிளான்னா புது ஃபைல். புது ஃபைல்னா வரிசையில கடைசி. அந்த ஆய்வாளரைப் பத்தி விசாரிச்சுட்டேன். வாயே திறக்க மாட்டாராம். வருவாரு, பார்ப்பாரு, எழுதிட்டுப் போயிடுவாரு. நம்ம தலை போனதே லெட்டர் வந்தப்புறம்தான் தெரியும்.”

“அப்ப என்னடா பண்றது?” என்றாள் அக்கா.

புரூஃப் சார் சிவப்புப் பேனாவின் மூடியை மெதுவாகப் போட்டார். இருபது வருஷமாக அவர் மூளையில் ஊறிப்போன விதி ஒன்று உண்டு. மூலப்பிரதியில் என்ன இருக்கிறதோ, அது அச்சில் இருக்க வேண்டும். மூலம் இப்போது ஆபீசில் இருக்கிறது. அதைத் தொட முடியாது.

“வீட்டைத் திருத்திடலாம்” என்றார்.

மனைவி அவரையே பார்த்தாள். “உங்களைப் பெத்தவங்க உங்களை ஒரு தடவை திருத்தியிருக்கலாம்.”

மதியமே மேஸ்திரி வந்துவிட்டார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

“இந்தச் சுவர்ல ஜன்னல் வேணும். நாளைக்குள்ள.”

“அதுக்கென்ன, பண்ணிடலாம்.”

மூன்றாவது அடியில் உளி ஏதோ உலோகத்தில் ‘டங்’கென்று பட்டது. நான்காவது அடியில் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மேஸ்திரியின் முகத்தில் அடித்து, கட்டிலைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குக் காட்டத் தைத்து வைத்திருந்த மாதிரிச் சட்டைகளை நனைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

“ஐயோ, என் சாம்பிளு!”

“குழாய் இருக்குன்னு சொல்லலியே சார்?”

“எனக்கு எப்படிய்யா தெரியும்? பிளான்ல குழாயே இல்லையே!”

மெயின் வால்வை மூடினார்கள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றானது. சாயங்காலம் ஒருவழியாகச் சுவரில் ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு ஒரு முகமும் வந்தது. அடுத்த வீட்டு அம்மாள். அவர் சமையலறை ஜன்னல் கைநீட்டும் தூரத்தில் இருந்தது.

“என்ன சார், இனிமே உங்க வீட்டுச் சண்டையெல்லாம் நேரடி ஒளிபரப்பா?” என்றவர், அடுத்த நிமிஷமே குரலை மாற்றினார். “ஆமா, இப்படிச் சுவத்தை உடைக்கறீங்களே, இதுக்குப் பர்மிஷன் வாங்கியாச்சா?”

புரூஃப் சார் கையிலிருந்த பிளானை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “அது… பர்மிஷன் வாங்கறதுக்காகத்தாங்க உடைக்கறோம்.”

“எனக்கென்னமோ சரியாப் படலை. புதன்கிழமை எங்க வீட்டுக்காரரை ஆபீஸ்ல கேக்கச் சொல்றேன்.”

புதன்கிழமை! அன்றிரவு அவருக்குத் தூக்கம் எப்படி வரும்? போதாதற்குப் புது ஜன்னல் வழியே அடுத்த வீட்டுக் குறட்டை வேறு.

செவ்வாய் காலை பாத்ரூம் வேலை. பெட்ரூம் பக்கத்து வாசலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். ஹால் பக்கம் உடைத்து வாசல் வைக்க வேண்டும்.

“எதை முதல்ல பண்ணட்டும் சார்?”

“நேரம் இல்லை. அடைக்கறதை முதல்ல அடைங்க, காயணும்ல!”

“அதுக்கென்ன, பண்ணிடலாம்.”

மேஸ்திரி மளமளவென்று அடைத்தார். சாத்தியிருந்த கதவோடு கதவாகச் செங்கல் ஏறியது. நிலை உயரத்துக்கு வந்து, மேலே பூச்சும் முடிந்தபோது, சுவர் ‘தொம் தொம்’ என்று அடித்துக்கொண்டது.

“மாமா! கதவு திறக்கலை மாமா!”

மைத்துனன். உடைந்த குழாயைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனவன், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டிருந்தான்.

“தம்பி உள்ள இருக்கான்! உடைங்க, உடைங்க!” என்று மனைவி அலறினாள்.

“உடைக்காதீங்க!” புரூஃப் சார் அதைவிடச் சத்தமாக அலறினார். “இப்பதான் பூச்சு முடிஞ்சிருக்கு!”

“என் தம்பியைவிட உங்களுக்குப் பூச்சு பெரிசாப் போச்சா?”

“அந்தப் பக்கம் எப்படியும் வாசல் வைக்கணும்ல? அது வழியா எடுத்துக்கலாம்!”

“அதுக்கென்ன, எடுத்துடலாம்” என்றார் மேஸ்திரி.

ஹால் சுவர் உடைந்து, மைத்துனன் மாவு மில்லிலிருந்து வருபவனைப் போல் வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. புது வாசலுக்குப் பழைய கதவு பொருந்தவில்லை. மனைவி, தம்பியை முறைத்துக்கொண்டே, சீருடைத் துணியில் ஒரு திரை தைத்து மாட்டினாள். ஹாலில் இருந்த பெண்கள் இருவரும் அந்தத் திரையைப் பார்த்தார்கள். நாங்கள் நாளைக்கு லீவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மிச்சம் இருந்தது தூண்.

“அதுக்கென்ன…” என்று தொடங்கிய மேஸ்திரி, முதல் தடவையாக நிறுத்தினார். “கான்கிரீட் போட்டா நாளைக்குள்ள இறுகாது சார்.”

“நிஜத் தூண் எதுக்கு? தூண் மாதிரி இருந்தாப் போதாதா?” என்றான் மைத்துனன். “மாமா, உங்க அச்சகத்துல பேப்பர் சுத்தி வர்ற பெரிய அட்டைக் குழாய் கிடக்குமே?”

கிடந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேலே மெல்லிய சிமென்ட் பூசி, வெள்ளை அடித்ததும், தூரத்திலிருந்து பார்த்தால் தூண்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் தலைசுற்றி நிற்கும் தூண். ஊதினால் ஆடியது.

புதன்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் பழுப்பு நிற ஃபைல். வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஃபைலைத் திறந்து, மார்போடு அணைத்துக்கொண்டு, பெட்ரூமுக்குள் நுழைந்தார். எட்டிப் பார்க்கப் போன புரூஃப் சாரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் எட்டிப் பார்க்கவில்லை.

ஜன்னல் முன்னால் ஆய்வாளர் நின்றார். ஃபைலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி ஃபைலை.

“இந்த ஜன்னல்…”

“இருக்கு சார்! ஆரம்பத்துலேருந்தே இருக்கு!”

ஆய்வாளர் விளிம்பைத் தொட்டார். விரலில் சிமென்ட் ஒட்டியது. “ஈரமா இருக்கே.”

“காலையில கழுவினோம் சார்” என்று மனைவி முந்திக்கொண்டாள்.

“சுவத்தையா?”

“ஆஸ்பத்திரித் துணி தைக்கற இடம் சார். சுத்தம் முக்கியம்.”

ஜன்னலுக்கு அப்பால் அடுத்த வீட்டு அம்மாள் வாயைத் திறந்தார். மனைவி சிரித்துக்கொண்டே போய், கையிலிருந்த துணியை ஜன்னலில் பரப்பிக் காயப் போட்டாள். முகம் மறைந்தது. குரல் மறையவில்லை. “சார், நீங்க ஆபீஸா?”

“ரேடியோ சார்” என்றார் புரூஃப் சார்.

ஆய்வாளர் பெட்ரூமை ஒரு சுற்று சுற்றினார். பூசி அடைத்த சுவரை விரலால் தட்டினார். ஃபைலைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராகத் திருப்பினார். நெற்றியில் ஒரு முடிச்சு விழுந்தது. ஹாலுக்கு வந்து திரையை விலக்கினார்.

“ஹாலுக்குத்தான் சார் திறக்குது!”

“நான் ஒண்ணும் கேக்கலையே?”

“கேப்பீங்களோன்னு…”

முடிச்சு இரண்டாயிற்று. ஆய்வாளர் பேனாவை எடுத்தார். எழுதச் சௌகரியமாக எதிலாவது சாய வேண்டும் போலிருந்தது. தோளைத் தூணில் சாய்த்தார்.

தூண் நகர்ந்தது.

பின்னாலிருந்து மைத்துனன் பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டான். உச்சியிலிருந்து வெள்ளைப் பொடி அவன் தலையில் மெல்ல உதிர்ந்தது.

ஆய்வாளர் நிதானமாகத் திரும்பினார். “இந்தத் தம்பி ஏன் தூணைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறாரு?”

“பாசம் சார்” என்றார் புரூஃப் சார். “அக்கா வீட்டு மேல ரொம்பப் பாசம்.”

ஆய்வாளர் தன் தோளைப் பார்த்தார். ஈரச் சுண்ணாம்பு. ஃபைலைப் பட்டென்று மூடினார். வாசலுக்குப் போனார். போனை எடுத்தார். “நீங்க உடனே இங்க வரணும்” என்று மட்டும் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார்.

உள்ளே மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போலீஸா மாமா?” மைத்துனனின் குரல் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“வாயை மூடு. தூணை விட்டுடாதே.”

மனைவி நனைந்து சுருங்கிய மாதிரிச் சட்டை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “போதுங்க” என்றாள் மெதுவாக. “ஆர்டர் போனாப் போகட்டும். போய் உண்மையைச் சொல்லிடுங்க. பிளான் தப்பு, அதுக்கேத்த மாதிரி வீட்டை நாங்கதான் மாத்தினோம்னு. கால்ல விழுந்தாவது ஒரு தவணை கேளுங்க.”

அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் புரூஃப் சாருக்கு என்னவோ போலிருந்தது. வாசலுக்குப் போய் ஆய்வாளர் முன்னால் நின்றார். “சார், ஒரு விஷயம்…”

வாசலில் ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. இறங்கியவர் போலீஸ் இல்லை. பிளான்காரர். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்ளேயே சிரித்த முகமாகப் படியேறி, புரூஃப் சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க சார், இன்னிக்குக் காலையிலதான் ஊர்லேருந்து திரும்பினேன். ஒரே வாரத்துல ரெண்டு பிளான் போட்டதுல உங்க ஃபைல்ல வேற யார் வீடோ போயிடுச்சு. சொன்னா நீங்க பதறுவீங்களேன்னுதான் சொல்லலை. ஆய்வுக்கு முன்னாடி மாத்திக்க வழி இருக்கு சார். ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே அதை எடுத்துட்டு, பெட்ரூமுக்கு ஒரே ஜன்னல், பெட்ரூமுக்குள்ள திறக்கற பாத்ரூம், தூண் கீண் எதுவும் இல்லாத ஹால்னு உங்க வீட்டை அச்சு அசலா வரைஞ்சு ஆய்வாளர் சார் கையில குடுத்துட்டேன். தைரியமா உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க!”