வீட்டில் வாங்கி மேடையில் விற்பவர்

கவிஞர்களில் பல ரகம் உண்டு. காதலித்துக் கவிஞரானவர், காதல் கைகூடாமல் கவிஞரானவர், பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கவிஞரானவர். இந்த மூன்றாவது ரகத்தில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குச் சங்கக் கவிஞர் என்று பெயர். அவசரப்பட்டுப் பழைய காலத்துப் புலவர்களோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். குடியிருப்போர் நலச் சங்கம், மூத்த குடிமக்கள் மன்றம், காலை நடைப்பயிற்சிக் குழு, ரத்ததான வட்டம், மகளிர் தையல் வகுப்பு என்று நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மைக்கும் உள்ள இடமெல்லாம் போய்க் கதை சொல்லிக் கவிதை படிப்பவர். கூப்பிட்டால் போவார். கூப்பிடாவிட்டால், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று போவார்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். நமக்குத் தெரிந்தவர் குடிநீர் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் மைக் கிடைத்ததும் முதலில் அதைத் தட்டுவார், பிறகு ஊதுவார், பிறகு "பின்னாடி கேக்குதா?" என்பார். பின்னால் இருப்பவர்கள் தப்பித்துப் போக வழி தேடிக்கொண்டிருப்பதால் பதில் வராது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, "அன்பர்களே! ஏட்டுத் தமிழை அறவே விடுத்து, மக்கள் நாவில் தவழும் உயிர்மொழியை மட்டுமே அடியேன் கைக்கொண்டுள்ளேன்" என்று தொடங்குவார். ஏட்டுத் தமிழை விட்டதைச் சொல்வதற்கே அவருக்கு இவ்வளவு ஏட்டுத் தமிழ் தேவைப்பட்டது. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்? முப்பது வருஷம் 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று எழுதிய கை அது.

ஆனால் கவிதை என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். இதைக் கேளுங்கள்.

"ஈரத்துண்ட மெத்தையில போட்டா
மெத்தை என்ன குளிச்சா வந்துது?
குழாய மூடத் தெரியாத மனுசன்
குடிதண்ணி ஆபீசுல என்னத்தக் கிழிச்சீக?"

நன்றாகத்தானே இருக்கிறது? உயிர் இருக்கிறதல்லவா? இந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று எந்தச் சங்கமும் கேட்டதில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சார் தண்ணி ஆபீசுலதானே இருந்தீங்க? எங்க தெருவுக்கு மட்டும் ஏன் சார் தண்ணி நூல் மாதிரி வருது?" கவிஞருக்கு முகம் விழுந்துவிடும். அவர் ஆசைப்பட்டதெல்லாம் இரண்டே வார்த்தைக்கு. 'இன்னொரு தடவை!' யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அப்படிக் கத்திவிட மாட்டாரா? எத்தனை சங்கம் ஏறி இறங்கினார்! எத்தனை சுவர்க்கடிகாரங்களை நினைவுப் பரிசாகச் சுமந்து வந்தார்! அந்த இரண்டு வார்த்தை மட்டும் வரவில்லை.

உயிர் வந்த இடத்தை நாமாவது சொல்லிவிடுவோம். அது சமையலறையிலிருந்து வந்தது. கவிஞரின் மனைவிக்கு வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். அந்த அம்மாள் திட்ட ஆரம்பித்தால் திட்டு வாங்குகிறவனே கொஞ்சம் நின்று ரசித்துவிட்டுத்தான் கோபப்படுவான். நம்மவர் கோபப்படவே மாட்டார். தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டு, "இதோ வரேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எழுதிவிட்டு வருவார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தங்கமான மனுஷன் என்று அந்த அம்மாளும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமைக்குத் தையல் வகுப்பு டீச்சரம்மா வேட்டு வைத்தார். ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் கவிதை படிச்சாரே, எங்க வகுப்பே அழுதுடுச்சு. பொண்ணு போன் பண்ண மாட்டேங்குறான்னு நீங்க மத்தியானமெல்லாம் போனையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களாமே? அது மணி அடிக்குமுன்னே எடுத்து எடுத்துப் பாக்குறீங்களாமே? பாவம்கா நீங்க."

அளவு நாடா கழுத்தைச் சுற்றி இருக்கும்போது அந்த அம்மாளால் என்ன சொல்ல முடியும்? திட்டினதைச் சொல்லியிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பார். தூரதேசத்தில் இருக்கும் மகளைப் பற்றிய அந்த அழுகை மட்டும் அவர் தன் புருஷனிடம், புருஷனிடம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகை. அதை ஊரில் உள்ள தையல் மெஷினெல்லாம் கேட்டிருக்கிறது. மனுஷன் எதிர்த்துப் பேசாமல் தலைகுனிந்து நின்றது எதற்கென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தார். மெத்தையில் ஈரத்துண்டு கிடந்தது. கவிஞர் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அம்மாள் துண்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஈரத்துண்டு மெத்தையின்மீது கிடக்கிறது. தங்கள் கனிவான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது."

கவிஞருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் விளையாட்டு என்று நினைத்தார். சாப்பாட்டு நேரத்தில் "தாங்கள் உணவருந்த வரலாம்" என்றதும் கொஞ்சம் பயந்தார். மறுநாளும் அதே தமிழ். அதற்கு மறுநாளும் அதே. கிணறு வற்றிவிட்டது! அதுவும் எப்பேர்ப்பட்ட சமயத்தில்? ஊரிலுள்ள எல்லாச் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. புதுக் கவிதை படிப்பதாகச் செயலாளரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. அழைப்பிதழில் பெயர் வேறு அச்சாகிவிட்டது.

மனிதர் சும்மா இருப்பாரா? திட்டு வாங்கியே தீருவது என்று இறங்கினார். குழாயைத் திறந்துவிட்டார். செருப்போடு சமையலறைக்குள் நடந்தார். கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து அழுகிய தக்காளியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் கொட்டிவிட்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளையைப் போல நின்றார்.

"தக்காளிகள் அழுகியுள்ளன" என்றார் அம்மாள். "ஆவன செய்யவும்."

"ஏம்மா, உன் வாயால ஒண்ணு திட்டேன். ஒரே ஒண்ணு."

"தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்ததால் மனைவியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கவிஞர் மேடையில் ஏறி மைக்கைத் தட்டினார், ஊதினார், சட்டைப்பையைத் தடவினார். பையில் ஒன்றும் இல்லை. மண்டையிலும் ஒன்றும் இல்லை. எதிரே அத்தனை முகங்கள். அந்தச் சமயத்தில் வேறு யாராக இருந்தாலும், 'மன்னிக்கணும், இன்னைக்கு ஒண்ணும் எழுத முடியல' என்று இறங்கியிருப்பார்கள். இந்த இனம் இறங்குமா? வாயைத் திறந்தார். தானாக வந்தது.

"தாங்கள் உணவருந்த வரலாம். இது என் வீட்டுச் சாப்பாட்டு மணி. 'ஈரத்துண்டு மெத்தையின்மீது கிடக்கிறது, தங்கள் கனிவான கவனத்திற்கு...' இது என் வீட்டுச் சண்டை!"

மண்டபம் அதிர்ந்தது. தக்காளிக்கு வந்தபோது ரத்ததான வட்டத்துத் தலைவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். விண்ணப்பம் பரிசீலனைக்குப் போனபோது, தண்ணீர் நூல் மாதிரி வருவதாக வருஷக்கணக்கில் புகார் சொல்லிவந்தவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்: "இன்னொரு தடவை!"

கவிஞருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். மூன்றாவது வரிசையில் எல்லாப் பெண்களும் ஒரு பக்கமாகத் திரும்பி ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த ஒருவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. திட்டும் இல்லை, கனிவான கவனமும் இல்லை. தட்டு வரும், காபி வரும், குரல் வராது. கவிஞர் முதலில் வீராப்பாக இருந்தார். 'எத்தனை நாளைக்கு?' என்றார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு, சமையலறையில் கரண்டி விழுந்தால் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். சங்கங்களிலிருந்து மாறி மாறி அழைப்பு வந்தது. போகப் பிடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. உண்மையிலேயே இறங்கவில்லை. நம்மவரைக் கேலி செய்கிற நாமே ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த மனுஷனுக்குத் தன் மனைவி என்றால் உயிர்.

ஒரு மத்தியானம் சமையலறை வாசலில் போய் நின்றார். அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். "திட்டினதச் சொன்னதுகூட பரவாயில்ல. நீ அழுததப் போய்ச் சொன்னேனே, அதுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. நீ பேசாம இருக்கிற இந்த வீட்டுல நான் ஏதோ வாடகைக்கு வந்தவன் மாதிரி இருக்கேன். எதத் தொட்டாலும் அடுத்தவங்களது மாதிரி இருக்கு."

குரல் உடைந்துவிட்டது. நடிப்பில்லை. அம்மாளின் கை பாத்திரத்தின்மேல் நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போனால் போகிறது, வேற யார் இருக்கா இந்த மனுஷனுக்கு என்று நினைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துத் திரும்பினார்.

கவிஞர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. 'வாடகைக்கு வந்தவன் மாதிரி... இல்ல, வாடகைக்கு வந்தாப்ல... வந்தாப்லன்னா இன்னும் எடுப்பா இருக்கும்...'

அம்மாள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"இது எந்தச் சங்கத்துக்குங்க?" என்றார்.

என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயம். இன்று காலை உங்கள் வீட்டிலும் யாரோ உங்களிடம் ஏதோ மனசைவிட்டுச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்கும்போதே, இதை இன்னாரிடம் சொன்னால் ரசிப்பார்களே என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் நீங்களும் இந்த இனம்தான், மைக் மட்டும் இன்னும் கையில் கிடைக்கவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். அப்படியானால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஞாபகம் இல்லையா? நம்ம கவிஞராவது காதுகொடுத்துக் கேட்டார்.